உடம்புக்கு வெளியே ஒரு குளிர்ந்த இடம்

பிப்ரவரி 3, திங்கள்

காலையிலேயே புழுக்கம். காற்று துளிகூட இல்லை.

டாக்டர் சொல்லி எழுதுகிறேன். என்ன சாப்பிடுகிறேன், எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், அடுப்பு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறேன், எல்லாம் குறித்து வைக்க வேண்டுமாம். எண்ணெய் மில்காரர் தந்த டைரி சிப்ஸ் கடையில் சும்மா கிடந்தது.

இன்று: காலை ஐந்து தோசை. ஏத்தன் வாழைக்காய் பன்னிரண்டு குலை வறுத்தது. சிப்ஸ் சட்டி முன்னால் காலை ஏழு முதல் பிற்பகல் மூன்று வரை. நடுவில் சாயா இரண்டு.

நாலு மணிக்கு மனைவி மெர்லினோடு நாகர்கோவிலில் டாக்டரம்மா. (இனி மெ. என்றே எழுதுவேன். முழுப்பெயர் எழுதினால் அவளே எட்டிப் பார்ப்பதுபோல இருக்கிறது.) கல்யாணம் ஆகி ஐந்து வருஷம், பிள்ளை இல்லை. நாலு வருஷமாக மருத்துவம், மெ.க்கு மட்டும்.

டாக்டரம்மா புதியவர். பழைய ஃபைலை ஒரு தாள் விடாமல் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னை.

"சாருக்குப் பாத்தாச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்."

"அது எப்படித் தெரியும்?"

மீசை இருக்கிறது, குலை தூக்குகிறேன், காய்ச்சல்கூட வருவதில்லை. இதை எல்லாம் சொல்ல முடியுமா? மெ. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஃபைலில் உள்ளது முழுக்க அவள் பட்டது. ரத்தம் எடுத்தது எத்தனை தடவையோ. மாத்திரை. ஊசி. கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்தது ஒரு தடவை. அன்று துண்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள் என்று நர்ஸ் பிறகு சொன்னாள். நான் வெளியே நின்று போனில் கல்யாண ஆர்டர் பேசிக்கொண்டிருந்தேன்.

வியாழன் காலை சாம்பிள் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

கொடுத்தேன். அந்தச் சின்ன அறையைப் பற்றி எழுதவில்லை. சுவரில் பனிமலைப் படம் இருந்தது. அவ்வளவு போதும்.

லேபில் இருந்த பெண் பூதப்பாண்டிக்காரி, நம் பக்கத்து ஊர்தான். அதற்கே உயிர் போய்விட்டது எனக்கு. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. குப்பியை வாங்கினாள், பேரைக் கேட்டாள், "ராபின்சன், வயசு முப்பத்தாறு" என்று ஒட்டினாள். ஏதோ சாம்பார்ப் பொடிப் பொட்டலம் மாதிரி.

"ரிசல்ட் சனிக்கிழமை டாக்டர் சொல்லுவாங்க."

வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"அதுல உயிரு இருக்குமா?"

அவள் சிரிக்கவில்லை. "அரை மணிக்கூறு இரியுங்க, காட்டுதேன்" என்றாள்.

காட்டினாள். மைக்ரோஸ்கோப்பில் ஒரு டிவி மாட்டியிருந்தது. சாம்பல் நிற வெளிச்சம். அதில் அங்கங்கே கிடக்கின்றன. பெரும்பாலும் கிடக்கின்றன. சில, நின்ற இடத்திலேயே வாலை ஆட்டுகின்றன. ஒன்று மட்டும் திரையின் இடது ஓரத்தில் நுழைந்து, தலையை அசைத்து அசைத்து, கிடப்பவற்றுக்கு நடுவே வழி பார்த்து, மறுபக்கம் போய் மறைந்தது.

எங்கே போகிறது அது? கண்ணாடித் துண்டின்மேல் ஒரு சொட்டுக்குள் போக என்ன இடம் இருக்கிறது? அது தெரியாமல் போகிறது. போவதற்காகவே பிறந்தது போகிறது.

நான் மேஜையில் கையூன்றிக் கும்பிட்டேனோ என்னவோ. அந்தப் பெண் சொன்னாள்: "அண்ணே, கைய எடுங்க, மேஜ ஆடுது."

சிப்ஸ் ஒரு ஈடு கருகியது.

பிப்ரவரி 8, சனி

எண்ணிக்கை: குறைவு. அசைவு: குறைவு. உருவம்: பரவாயில்லை.

எழுதிவிட்டேன். என் கையெழுத்துத்தான்.

மெ. என்னைப் பார்க்கவில்லை. கையை மட்டும் என் முழங்காலில் வைத்தாள். நாலு வருஷத்தில் எத்தனையோ தடவை இதே மாதிரி நாற்காலியில் அவள் இருந்திருக்கிறாள். நான் என் கையை எங்கே வைத்திருந்தேன்? நினைவில்லை.

அடுத்த அறையில் ஒரு ஆண் டாக்டர் பரிசோதித்தார். நரம்பு வீக்கம் இல்லை, குடலிறக்கம் இல்லை. திரும்பி வந்ததும் டாக்டரம்மா கேள்விகள். பீடி, சிகரெட்? இல்லை. குடி? கிறிஸ்துமஸுக்கு. வேலை? சொன்னேன். அடுப்பு இடுப்பு உயரம், விறகு, எட்டு மணி நேரம்.

"உள்ள என்ன போடுவீங்க?"

"ஜட்டி."

"இறுக்கமா?"

"இறுக்கம்தான். ரெண்டு."

பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டா?"

சொன்னேன். அப்பாவுக்குக் குடலிறக்கம் வந்தது. குலை தூக்குகிறவன் இறுக்கிப் போடாவிட்டால் குடல் இறங்கும் என்று பதினைந்து வயதிலிருந்து இரண்டு போடுகிறேன். மேலே ஜீன்ஸ். அதற்கும் மேலே ரப்பர் ஏப்ரன்.

மெ.க்கு இது தெரியும், ஆனால் டாக்டரிடம் சொல்லும் விஷயம் என்று அவளும் நினைத்ததில்லை. நானும்தான்.

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தார். வெட்கம் எல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன், மறக்கக் கூடாது:

இதயம், ஈரல் எல்லாம் உள்ளே, எலும்புக்கூட்டுக்குள். விதைப்பை மட்டும் வெளியே. ஏன்? உடம்புச் சூட்டில் விந்து சரியாக உருவாகாது. இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சி வேண்டும். அதற்காக உடம்பு அதை வெளியே தொங்க விட்டிருக்கிறது. குளிர் அடித்தால் ஒரு தசை மேலே இழுத்துக்கொள்ளும். சூடானால் கீழே இறக்கிவிடும். நாம் சொல்ல வேண்டாம். தூங்கும்போதும் நடக்கும்.

"நீங்க அதப் பிடிச்சு உடம்போட சேத்துக் கட்டி, முன்னால அடுப்பும் வச்சிருக்கீங்க" என்றார்.

முப்பத்தாறு வருஷம் சுமந்து நடந்திருக்கிறேன். வெறும் தொங்கல் என்று நினைத்தேன். எத்தனை கெட்டவார்த்தை அதன் பேரில்! ஒரு நாளாவது யோசித்தேனா, இவ்வளவு கருத்தாக ஒரு வேலை அங்கே நடக்கிறது என்று?

"அப்பம் ஜட்டிதான் காரணமா டாக்டர்?" மெ. கேட்டாள்.

"அப்படி அடிச்சுச் சொல்ல மாட்டேன். தளர்வாப் போடுறவங்களுக்கு எண்ணிக்கை கூடுதலா இருக்கிறதப் பாக்கிறோம். சிலருக்கு மாத்தினதும் கூடும். சிலருக்கு வேற காரணம் இருக்கும், ஒண்ணும் மாறாது. ஆனா மாத்துறதுக்கு மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம். மூணு மாசம் பாப்போம்."

"மூணு மாசம் எதுக்கு?"

"ஒண்ணு உருவாகி வெளிய வர அவ்வளவு நாள் ஆகும்."

வீட்டுக்கு வரும் வழியில் பைக்கை நிறுத்திக் கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை திரையில் நான் பார்த்த அந்த ஒன்று நவம்பர் மழையில் தொடங்கியது. கடை வாசலில் முழங்கால் தண்ணீர் நின்ற வாரம். நான் விறகு நனைகிறதே என்று கத்திக்கொண்டிருந்தேன். அப்போதே அது கிளம்பிவிட்டது.

"என்ன நிறுத்திட்டிய?" என்றாள் மெ.

சொன்னேன். அவளும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு: "எம்மாடி."

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து துணிக்கடை. வெள்ளை வெயில்.

வேண்டியது: தளர்ந்த பருத்தி. நாடா வைத்தது. தொடையைப் பிடிக்காதது. கடைக்காரர் கோடு போட்ட பட்டாபட்டியை எடுத்து விரித்தார். இரண்டு பேர் உள்ளே போகலாம்.

"மாமனாருக்கா?" என்று மெ.விடம் கேட்டார்.

"இவியளுக்குத்தான்" என்று என்னைக் காட்டினாள்.

நான் கைலி அடுக்குப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் விடவில்லை. அத்தனை பேர் நடுவில் என் இடுப்பில் வைத்து அளவு பார்த்தாள். சபைக்கார அண்ணன் ஒருவர் வேறு பில் போட நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்ததும் சிரித்தாள் பாருங்கள், பைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. இவள் இப்படிச் சிரித்து எத்தனை காலம்.

வாங்கியது ஆறு. நீலக்கோடு நாலு, பச்சைக்கோடு இரண்டு.

பிப்ரவரி 10, திங்கள்

முதல் நாள். ஜீன்ஸ் இல்லை. கைலி, உள்ளே பட்டாபட்டி.

ஒன்றுமே போடாத மாதிரி ஒரு பயம். குலையைத் தூக்கும்போது குடல் இறங்கிவிடுமோ என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். இறங்கவில்லை. டாக்டரம்மா சொன்னார், இறுக்கிப் போட்டால் குடலிறக்கம் வராது என்பதே சரி இல்லையாம். இருபத்தொரு வருஷம்!

கடையில் சீவுகிற தங்கையன் அண்ணனிடம் வேலையை மாற்றிக்கொள்ளலாமா என்றேன். முதுகுவலி என்று பொய் சொன்னேன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, நாலு பிள்ளைகள். கைலியையும் என்னையும் பார்த்தார்.

"முதுகுவலிக்கு யாருலே கைலி உடுத்தச் சொன்னா?"

அவர் ஜல்லிக் கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "போ மக்கா. போயி காத்தோட்டமா நின்னு சீவு. நான் வறுக்குதேன்."

தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

எழுதியே ஆக வேண்டும்.

மாதத்தில் ஒரு வியாழன் எங்கள் வீட்டில் அம்மாவின் ஜெபக்குழு. ஆறு பெண்கள். வழக்கமாக நான் கடையிலிருந்து வந்து, பக்கவாட்டு வழியே அடுக்களைக்குப் போய், கால் கழுவிச் சாயா குடிப்பேன். முன்னறையில் ஜெபம் நடக்கும்.

இன்று செருப்பைக் கழற்றும்போது கேட்டது. அம்மா குரல்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்க வயித்தத் தெறக்கணுமே. இவளுக்க குறைய மாத்தணுமே."

எட்டிப் பார்த்தேன். மெ. நடுவில், சேலைத் தலைப்பை முக்காடு போட்டு, குனிந்து. எல்லார் கையும் அவள் தலையில். நாலு வருஷமாக மாதம் ஒரு தடவை இந்தக் கைகள். ரிசல்ட் வந்து ஐந்து நாள். என் அம்மாவிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உள்ளே போனேன்.

"அம்மா, ஒரு நிமிசம் நிறுத்துங்க."

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள்.

"குறை அவளுக்கு இல்ல. எனக்கு. டெஸ்டு பண்ணிப் பாத்தாச்சு."

ஒருத்தி கையை மெ.யின் தலையிலிருந்து எடுத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் முதலில் கோபம், பிறகு என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

ஜெபக்குழுவில் மூத்தவள் கனகம் அக்கா. அவள் கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

"அப்படிண்ணா நீ இஞ்ச வந்து இரி மக்கா."

உட்கார்ந்தேன். கையெல்லாம் ஏத்தங்காய்க் கறை, கைலி வேறு. என் தலையில் ஆறு பேரின் கை. கனம் என்றால் அப்படி ஒரு கனம். இதைத்தான் மெ. இத்தனை நாள் தாங்கினாளா? என்ன ஜெபித்தார்கள் என்று ஒன்றும் காதில் விழவில்லை. பாய் ஓரத்தில் மெ.யின் சுண்டுவிரல் என் சுண்டுவிரலைத் தொட்டது மட்டும் தெரியும்.

பிப்ரவரி 14, வெள்ளி

அம்மா காலையில் பேசவில்லை. மத்தியானம் கடைக்கே வந்துவிட்டாள், பஸ் ஏறி. சீவுகிற மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"மெர்லின் எல்லாம் சொன்னா. ஜட்டி வெவரம்."

"ம்."

"ஒங்க அப்பாக்கு ஆபரேசன் பண்ணினப்பம் நான் பயந்துட்டேன். ஒனக்கும் வந்துரும்ணு. நான்தான மக்கா ரெண்டு போடச் சொன்னேன்? பத்தாங்கிளாஸ் படிக்கும்போ நானே வாங்கியும் தந்தேன்."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அப்பா சொன்னதாகத்தான் நினைத்திருந்தேன்.

"அது மட்டும்தான் காரணம்ணு டாக்டர் சொல்லல்லம்மா."

"சொல்லாட்டியும்." மூக்கைச் சிந்தினாள். "அந்தப் பிள்ளைய எத்தன பேச்சுப் பேசியாச்சு."

ராத்திரிச் சாப்பாட்டில் நெய்மீனின் நடுத்துண்டு மெ. தட்டுக்குப் போனது. இந்த வீட்டில் அது முதல் தடவை. "தின்னு பிள்ளே" என்றாள் அம்மா. மெ. தின்றாள்.

மார்ச் 4, செவ்வாய்

திடீர் மழை. விறகு மூடினது நல்லதாகப் போயிற்று.

பின்பற்றுவது: தளர்ந்தது மட்டும். வெந்நீர்க் குளியல் இல்லை. பைக்கில் தூரம் போனால் நடுவில் இறங்கி நடை. மடியில் எதுவும் சூடாக வைப்பதில்லை. தூங்கும்போது வெறும் கைலி.

சந்தேகம் வரும். இது என்ன பைத்தியக்காரத்தனம், துணியை மாற்றினால் பிள்ளை வருமா என்று. பிறகு அந்தப் படம் ஞாபகம் வரும். குளிர்ந்தால் மேலே, சூடானால் கீழே. கதவைத் திறந்து விட்டால் போதும், மற்றது அதன் வேலை.

இன்று தொடங்குவது மே மாதம் வரும். இந்த நிமிஷம், நான் சீவிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே தொடங்கிக்கொண்டே இருக்கிறது. பகலும் ராவும். நான் இல்லை செய்வது. பின்னே யார்?

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டருக்கு மறுநாள். கடை அடைப்பு. சாயங்காலம் மெ.வும் நானும் வட்டக்கோட்டை. மதில்மேல் உட்கார்ந்தோம். கீழே கடல். கைலியை மீறி உள்ளே எல்லாம் காற்று. அவளிடம் சொன்னேன், தலையில் குட்டினாள்.

சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று, மூன்று குழந்தைகள். மெ. அவர்களையே பார்த்தாள்.

"ஒண்ணும் மாறல்லேண்ணா?" என்றேன்.

"மாறல்லேண்ணா மாறல்ல."

"அப்பம்?"

"அன்னைக்கு ஜெபத்துல நீங்க வந்து இருந்தியள்லா. அன்னைக்கே எனக்குப் பாதி பாரம் போச்சு. பிள்ள வந்தா வரட்டும். இனி நான் ஒத்தைக்கு இல்ல."

அவள் ஸ்கூலில் கணக்கு டீச்சர். சரியாகத்தான் கூட்டுவாள். ஆனால் எனக்குப் புரியவில்லை. நாலு வருஷம் அவள் பட்டது எங்கே, நான் ஒரு நாள் பாயில் உட்கார்ந்தது எங்கே? இவ்வளவு சின்னதுக்கு அவ்வளவு பெரியதைத் தள்ளுபடி செய்கிற மனசை என்னவென்று சொல்ல. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 12, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. இரண்டாம் சாம்பிள்.

அதே அறை, அதே பனிமலை. அதே பூதப்பாண்டிப் பெண். நான் கேட்கவே இல்லை. "இரியுங்க அண்ணே" என்று அவளே சொன்னாள்.

அரை மணி கழித்துக் கூப்பிட்டாள். திரையைத் திருப்பினாள்.

சட்டியில் சீவல் விழுந்ததும் ஒரு கொதி கிளம்புமே, எண்ணெய் முழுக்க உயிர் வந்த மாதிரி, அப்படி. ஒன்றை ஒன்று உரசி, விலகி, குறுக்கே பாய்ந்து. கிடப்பவையும் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. ஆனால் போகிறவை! ஒன்றைக் கண்ணால் பிடித்தால் அடுத்தது வந்து மறைக்கிறது.

"நேராப் போகுது பாத்தியளா? முன்ன நின்ன எடத்துல நின்னுச்சு" என்றாள். அவள் குரலிலும் சந்தோஷம். தினமும் இதைத்தான் பார்க்கிறாள், அவளுக்கு இன்னும் அலுக்கவில்லை.

இத்தனையும் என்னுள்ளே இருந்தா? சிப்ஸ் வறுக்கிறவன், பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன். ஒவ்வொன்றிலும் அப்பாவின் ஏதோ ஒன்று, அம்மாவின் ஏதோ ஒன்று, எனக்குத் தெரியாத யார் யாருடையதோ. ஒன்றைப்போல ஒன்று இல்லையாம்.

டாக்டரம்மா: "நல்லாக் கூடியிருக்கு. துணியா, அடுப்ப விட்டு விலகினதா, ரெண்டுமா, அது எனக்குத் தெரியாது. இதோட நிச்சயம்னு சொல்ல மாட்டேன். முயற்சி பண்ணுங்க."

மெ. ரிசல்ட் தாளை நாலாக மடித்து பைபிளுக்குள் வைத்தாள்.

ஜூன் 9, திங்கள்

சாரல். விடியும்போதே.

மெ. குளியலறையிலிருந்து வரவில்லை. கதவைத் தட்டினேன். திறந்தாள். கையில் கர்ப்பம் பார்க்கிற குச்சி. இரண்டு கோடு. ஒன்று மங்கல்.

"எனக்குத்தான் ரெண்டாத் தெரியுதா?" என்றாள்.

ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். இரண்டு. லைட்டைப் போட்டுப் பார்த்தோம். இரண்டு.

அம்மாவை எழுப்பவில்லை. அவளே எழுந்து வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மெ.யின் காலடியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெ. குனிந்து தூக்கினாள்.

கடைக்குத் தாமதம். தங்கையன் அண்ணன் திட்டினார். திட்டட்டும்.

ஜூன் 30, திங்கள்

மழை விட்டு விட்டு. ஆட்டோவில் போனோம், பைக் வேண்டாம் என்று அம்மா உத்தரவு.

ஸ்கேன் அறையில் என்னையும் விட்டார்கள். மறுபடி ஒரு திரை. சாம்பல் நிறம். கறுப்பாக ஒரு குழி, அதில் அவரைக்கொட்டை அளவுகூட இல்லாத ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டரம்மா விரலால் காட்டினார்.

"அங்க, நடுவுல. துடிக்குது பாருங்க."

ஒரு புள்ளி. மின்னுகிறது, அணைகிறது, மின்னுகிறது.

"இதயமா?" என்றாள் மெ. "எனக்க உள்ளயா?"

"உங்க உள்ளதான்."

நான் எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று. முடியவில்லை. அவ்வளவு வேகம்.